காயலான் கடை அண்ணன்மாருக்கு: அந்தக் காந்தத்தை இரும்போடு போடாதீர்கள்

பழைய இரும்புக் கடை, காயலான் கடை, எங்கள் ஊர்ப் பேச்சில் ஆக்கர் கடை நடத்தும் அண்ணன்மாருக்கும் அண்ணாச்சிமாருக்கும் வணக்கம்.

நான் நாகர்கோவில் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். இருபது வருஷமாக உங்கள் கடைகளுக்கு வந்துபோகிறேன். உங்களிடம் பொறுக்கிய பவர் சப்ளையையும் மெமரியையும் வைத்து எத்தனையோ பிள்ளைகளின் கம்ப்யூட்டரை ஓட்டியிருக்கிறேன். ஓடாததை மறுபடி உங்களிடமே கொண்டுவந்து கொட்டியும் இருக்கிறேன். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

போன மாதம் ஒரு சாக்கில் நாற்பது ஹார்டு டிஸ்க் கொண்டுவந்தேன். எல்லாம் செத்தவை. கடை அண்ணன் எடை போட்டுவிட்டு என் முன்னாலேயே சுத்தியலை எடுத்தார். அலுமினிய உடம்பு ஒரு குவியல். பச்சை போர்டு தனியாக ஒரு வாளியில், அதில் தங்கம் இருக்கிறதே. வட்டத் தகடுகள் ஒரு பக்கம். மிஞ்சியது ஒரு கனத்த இரும்புத் தகடும் அதன்மேல் ஒட்டிய பிறை வடிவ வெள்ளித் துண்டும். அதை இரும்புக் குவியலை நோக்கி வீசினார். அது லாரிப் பட்டையில் போய் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. பிய்த்துப் பார்த்தார், வரவில்லை. "சனியன், எங்கே போட்டாலும் ஒட்டிக்கொள்கிறது" என்று விட்டுவிட்டார்.

அந்தச் சனியனைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அது நியோடிமியக் காந்தம். எடையில் நூற்றுக்கு முப்பது பங்கை ஒட்டி நியோடிமியமும் அதன் கூட்டாளி உலோகங்களும், ஒரு பங்கு போரான், மற்றதெல்லாம் இரும்பு. மேலே நிக்கல் பூச்சு, அதனால்தான் அந்தப் பளபளப்பு. பெரிய ஸ்பீக்கருக்குப் பின்னால் கறுப்பாக, சிலேட்டுக் கல் மாதிரி மங்கலாக இருக்கிறதே, அது வேறு, அது ஃபெரைட். அதில் நியோடிமியம் கிடையாது, அதை நீங்கள் எங்கே போட்டாலும் எனக்குக் கவலை இல்லை. அதே எடைக்கு வெள்ளிக் காந்தத்தின் பலம் அதைப்போல் ஏழெட்டு மடங்குக்கு மேல். உங்கள் விரல் எப்போதாவது நசுங்கியிருந்தால் அதற்குக் காரணம் அதுதான்.

நியோடிமியம் அருமண் உலோகங்களில் ஒன்று, அணு எண் 60. 'அரு' என்று பெயரில் இருப்பதால் தங்கம் மாதிரி அபூர்வமோ என்று நினைக்க வேண்டாம். பூமியின் மேலோட்டில் கிட்டத்தட்ட செம்பு அளவுக்கு இருக்கிறது. ஆனால் செம்பு மாதிரி ஓரிடத்தில் கொழுத்துக் கிடக்காது. எங்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறி, தன்னைப் போலவே குணமுள்ள பதினைந்து உலோகங்களோடு பிணைந்து கிடக்கும். பிரிப்பதுதான் பாடு. தனியாக எடுத்துவிட்டால் வெள்ளி போல மின்னும். காற்றில் விட்டால் சில நாளில் மங்கி, தோல் தோலாக உரியும்.

இதை முதலில் பிரித்தவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஔவர் ஃபொன் வெல்ஸ்பாக். 1885-இல், ஒரே தனிமம் என்று நாற்பது வருஷமாக எல்லோரும் நம்பியிருந்த டிடிமியம் என்ற பொருளைத் திரும்பத் திரும்பப் படிகமாக்கி இரண்டாக உடைத்தார். ஒன்றின் உப்பு பச்சை, இன்னொன்றின் உப்பு இளஞ்சிவப்பு கலந்த ஊதா. ஊதாவுக்கு 'புது இரட்டை' என்று கிரேக்கத்தில் பெயர் வைத்தார். அதுதான் நியோடிமியம்.

இந்த மனிதரின் இன்னொரு கண்டுபிடிப்பை நீங்கள் கையால் தொட்டிருப்பீர்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டுவோமே மேண்டில், அந்த வலை. கோயில் கொடையிலும் கல்யாண வீட்டிலும் வெள்ளை வெளிச்சம் கொடுத்தது அதுதான். அந்த வலைக்குத் தோரியம் வேண்டும், தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். 1909 வாக்கில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துவிட்டு, அது எந்தக் கரையிலிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு வந்தார். வந்து சேர்ந்த இடம் எங்கள் மணவாளக்குறிச்சி. கயிற்றில் ஒட்டிய மண்ணைத் தட்டி விட்டிருந்தால் கதையே வேறு!

தோரியத்தை எடுத்தபிறகு மோனசைட்டில் மிஞ்சும் அருமண் உலோகங்கள் அன்றைக்கு வெறும் கழிவு. நியோடிமியமும் அதில்தான் கிடந்தது. கழிவு மலையாகக் குவிந்ததும் அதை என்ன செய்வது என்று வெல்ஸ்பாக்கே யோசித்தார். 1903-இல் இரும்போடு கலந்து ஒரு கல் செய்தார். சிகரெட் லைட்டரில் தீப்பொறி தெறிக்கிறதே, அந்தக் கல். அதற்குள்ளும் கொஞ்சம் நியோடிமியம் உண்டு. இந்த உலோகம் குப்பையிலிருந்து மேலே வருவது புதுசு இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

காந்தமானது ரொம்பப் பின்னால். 1970-களின் கடைசியில் ஆப்பிரிக்காவின் சயீரில் கலவரம் வந்து கோபால்ட் விலை ஏறியது. அப்போதிருந்த பலமான காந்தத்துக்குச் சமாரியமும் கோபால்டும் வேண்டும். கோபால்ட் இல்லாமல் முடியாதா என்று தேடியவர்களில் ஜப்பானின் மசாதோ சகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆட்களும் 1983-இல் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரும்பு, போரான், நியோடிமியம் என்ற கூட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வழிமுறை வேறு, காந்தம் ஒன்றுதான். அதற்கப்புறம்தான் ஹார்டு டிஸ்க் சுருங்கியது, இயர்போன் காதுக்குள் நுழைந்தது, மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே உட்கார்ந்தது. கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறம் சிலருக்கு லென்சின் பின்னால் படலம் படியும். அதை லேசரால் விலக்குவார்கள். அந்த லேசர்ப் படிகத்தில் கலந்திருப்பதும் நியோடிமியம்தான். அம்மாவுக்குச் செய்தபோது டாக்டரிடம் இதைச் சொன்னேன், அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

சரி, இன்றைய நிலைமைக்கு வருகிறேன். உலகத்தில் இந்தக் காந்தம் பத்தில் ஒன்பது சீனாவில் தயாராகிறது. 2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் உலோகங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று சொல்லிவிட்டது. பட்டியலில் நியோடிமியம் இல்லைதான். ஆனால் வண்டி மோட்டாரில் போடும் காந்தம் சூடு தாங்குவதற்காக டிஸ்புரோசியம் என்ற இன்னொரு அருமண் உலோகத்தைச் சேர்ப்பார்கள், அது பட்டியலில் இருந்தது. சில மாதத்தில் இங்கே மின் ஸ்கூட்டர் உற்பத்தியே தடுமாறியது. அந்த வருஷம் நவம்பரில் இங்கேயே காந்தம் செய்ய மத்திய அரசு 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது.

இவ்வளவும் ஒரு பக்கம் நடக்கிறது. மறுபக்கம் லாரிப் பட்டையோடு ஒட்டிக்கொண்டு போன என் நாற்பது டிஸ்க் காந்தம் இரும்பு உருக்கும் உலைக்குப் போகிறது. உலையில் நியோடிமியம் முதல் ஆளாக ஆக்சிஜனோடு சேர்ந்து கசடாகிவிடும். கசடு ரோட்டுக்கோ பள்ளத்துக்கோ போகும். அதிலிருந்து யாரும் திரும்ப எடுக்கப் போவதில்லை. உலகம் முழுக்கவே அருமண் உலோகங்களில் நூற்றில் ஒரு பங்கு கூட மறுபடி கைக்கு வருவதில்லை என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

கணக்கென்றால் உங்களுக்குத்தான் நன்றாக வரும், போட்டுப் பாருங்கள். சுத்தமாகப் பிரித்த மோனசைட்டிலேயே நியோடிமியம் நூற்றுக்குப் பத்துக்குள்தான். கடற்கரை மணலில் அந்த மோனசைட்டே சொற்பம். உங்கள் கையில் இருக்கும் துண்டிலோ கூட்டாளிகளோடு சேர்த்து நூற்றுக்கு முப்பது. அதுவும் மோனசைட்டில் எட்டு ஒன்பது பங்கு தோரியம் சேர்ந்து வரும், அது கதிரியக்கம். அதனால்தான் அந்த மணலை அணுக் கனிமம் என்று சட்டம் பூட்டி வைத்திருக்கிறது. காந்தத்தில் தோரியம் கிடையாது. அந்தத் தொல்லையை வேறு யாரோ, வேறு ஊரில், ஏற்கெனவே பட்டு முடித்துவிட்டார்கள்.

எங்கள் மாவட்டத்தில் கிள்ளியூர் வட்டத்துக் கடலோர ஊர்களில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கத் திட்டம் வந்தபோது மீனவ மக்கள் கொந்தளித்ததைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். ஹார்டு டிஸ்க்கைப் பிரித்தால் மணல் எடுக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது பொய். பழைய சாமானில் கிடைப்பது தேவையில் ஒரு மூலைக்குத்தான் காணும். ஆனால் கையில் வந்ததைக் கசடாக்கிவிட்டுக் கடற்கரையைத் தோண்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

தப்பு உங்களுடையது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022-இல் வந்த மின்கழிவு விதிகளில் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு என்று நாலு உலோகத்தை மீட்டதற்குத்தான், மறுசுழற்சிக்காரர் விற்றுக் காசாக்கும் சான்றிதழ்க் கணக்கு ஓடுகிறது. நியோடிமியத்தை மீட்டால் அந்தக் கணக்கில் யாருக்கும் காசு இல்லை. காசு இல்லாததை நீங்கள் ஏன் பொறுக்க வேண்டும்? 2025 செப்டம்பரில் அருங்கனிம மறுசுழற்சிக்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஒப்புதல் கிடைத்தது. அது ஆலை வைத்து மறுசுழற்சி செய்கிறவர்களுக்கு. அந்த ஆலைக்குச் சரக்கு எங்கிருந்து போகும்? உங்கள் கடையிலிருந்துதான். அதனால் இப்போதே பேரம் பேசும் இடத்தில் இருங்கள் என்கிறேன். பதிவு இல்லாமல் மின்கழிவு உடைப்பது விதிக்கு வெளியே என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊருக்கு நாலு கடை சேர்ந்து, பதிவு பெற்ற ஒரு மறுசுழற்சிக்காரரோடு பேசி வைத்துக்கொண்டால் அந்தத் தலைவலியும் குறையும். தனித்தனியாக அரைக் கிலோ கொண்டுபோனால் ஒருவரும் மதிக்க மாட்டார். டெஸ்க்டாப் டிஸ்க் ஒன்றில் காந்தம் மட்டும் பத்திலிருந்து இருபது கிராம் வரை தேறும். ஆயிரம் டிஸ்க் சேர்ந்தால்தான் பதினைந்து கிலோ பக்கம் வரும்.

செய்முறை பெரிசாக ஒன்றுமில்லை. காந்தத்தைத் தகட்டிலிருந்து பிய்க்காதீர்கள், கண்ணாடி மாதிரி உடையும், சில்லு கண்ணுக்குப் பாயும். டிஸ்க்குக்குள் இரண்டு தகடும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். கழற்றியதும் அதேபடி சேர்த்துவிட்டால் இழுப்பு உள்ளேயே அடங்கிவிடும், குவியலில் போய் ஒட்டாது. பெயின்ட் வாளியில் அட்டையைச் சுற்றிப் போடுங்கள். மழை படாத இடம் வேண்டும். நிக்கல் பூச்சு கீறிய காந்தம் ஈரத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். துளை போடவோ அரைக்கவோ வேண்டாம், அதன் தூள் தானாகத் தீப்பிடிக்கும். சூடு காட்டினால் இழுக்கும் சக்தி போகும் என்று யாராவது சொல்வார்கள். முந்நூறு டிகிரிக்கு மேலே அது உண்மைதான், ஆனால் கடை வாசலில் காந்தத்தை ஒட்டியிருக்கும் பசையின் புகையை மூச்சில் இழுத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இல்லை அது. ஆலைகளில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் காந்தம் தானே பொடியாகி, நிக்கல் தோல் தனியாகக் கழன்றுவிடும். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் இதை ஹார்டு டிஸ்க்கிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். அது அவர்கள் பாடு.

நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர் யாராவது கடையில் இருந்தால் வாளியை அவரிடமிருந்து தள்ளி வையுங்கள். கடைக்கு வரும் குழந்தைகளை அதைவிட முக்கியமாகக் கவனியுங்கள். இயர்போன் காந்தம் இரண்டை ஒரு பிள்ளை விழுங்கிவிட்டால் குடலின் இரண்டு பக்கமும் நின்று ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம்.

ஹார்டு டிஸ்க் காலமும் முடிகிறது. புது லேப்டாப்பில் எஸ்.எஸ்.டி. என்ற சிப் வகைச் சேமிப்புதான், அதில் காந்தமே கிடையாது. இன்னும் சில வருஷத்துக்கு ஆபீஸ்களும் வீடுகளும் பழைய டிஸ்க்கைக் கழித்துக்கட்டும், அத்தோடு சரி. ஆனால் அதற்குள் மின் ஸ்கூட்டர்கள் உங்கள் வாசலுக்கு வர ஆரம்பிக்கும். பல வண்டிகளில் பின்சக்கரத்துக்குள் வட்டமாக வரிசை கட்டி ஒட்டியிருப்பதும் இதே வெள்ளிக் காந்தம்தான், டிஸ்க்கைவிடப் பல மடங்கு எடை, டிஸ்புரோசியமும் சேர்ந்தது. செம்புக் கம்பியை உருவிவிட்டு அந்தச் சக்கரத்தை அப்படியே இரும்பில் தள்ளிவிடாதீர்கள். பேட்டரிக்கு விலை கேட்கிற மாதிரி அதற்கும் விலை கேளுங்கள்.

என் கடையில் இப்போது ஒரு வாளி வைத்திருக்கிறேன், முக்கால்வாசி நிறைந்துவிட்டது. வரும் சனிக்கிழமை கொண்டுவருகிறேன். விலை ஒன்றும் வேண்டாம், உங்கள் வாளியோடு சேர்த்துக்கொண்டால் போதும். எடை போடுவதாக இருந்தால் எலக்ட்ரானிக் தராசில் வைக்காதீர்கள், அடித்தட்டை இழுத்துப்பிடித்துத் தப்பாகக் காட்டும். அந்தப் பழைய தொங்கு தராசை எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன்,
நாகர்கோவில்