சாலைத் தெருவுக்கு விடிகாலையில் வா

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே எழுதாததற்குக் கடைதான் காரணம். பையனுக்குப் பெங்களூரில் வேலை நிரந்தரமாகிவிட்டது, இனி அவன் கடைக்கு வரப்போவதில்லை. நானும் வீட்டுக்காரியும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பேசி, வருகிற சித்திரையோடு கடையைக் கைமாற்றிவிடுவது என்று முடிவெடுத்திருக்கிறோம். அப்பா நாகர்கோவிலிலிருந்து வந்து திருவனந்தபுரத்துச் சாலைத் தெருவில் போட்ட பலசரக்குக் கடை. நீ விடுதியில் இருந்த காலத்தில் நான் லீவு முடிந்து மூட்டை மூட்டையாக ஏத்தங்காய் சிப்ஸ் கொண்டுவருவேனே, அது இந்தக் கடைக்கு எதிர்வரிசையில் பொரித்ததுதான். சரி, அதை நேரில் பேசுவோம்.

டிசம்பர் லீவில் மைனியையும் பிள்ளைகளையும் அம்மையையும் கூட்டிக்கொண்டு வருகிறாய் என்று படித்ததும் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் உன் திட்டத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. திருவனந்தபுரத்துக்கு ஒரே ஒரு நாள், அதிலேயே கோயில், மியூசியம், மிருகக்காட்சி சாலை, கோவளம், அன்று ராத்திரியே ஆலப்புழைக்கு வண்டி. இப்படித்தான் மூன்று வருஷம் முன்னால் என் சித்தப்பா மகன் குடும்பத்தோடு வந்தான். பத்மநாபசுவாமி கோயில் வாசலுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டேகால், நடை சாத்தியாகிவிட்டது. அங்கிருந்து மியூசியத்துக்கு ஓடினார்கள், அன்று திங்கட்கிழமை, அதுவும் பூட்டு. கடைசியில் கடற்கரை ஓரத்து ஓட்டல் ஒன்றில் பழைய மீனுக்குப் பெரிய பில் கட்டிவிட்டு, 'உங்க ஊரில் ஒண்ணுமில்லையே அண்ணே' என்று சொல்லிக்கொண்டு ரயிலேறினான். அந்த வார்த்தை இன்னும் எனக்குள் கிடக்கிறது. இங்கே ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது மக்கா, அந்த நேரத்துக்குப் போனால் ஊர் தன்னாலே திறந்துகொள்ளும். ஆகவே எனக்கு இரண்டு முழு நாள் கொடு. ஆலப்புழை எங்கேயும் போய்விடாது.

முதலில் வருகிற வழி. ரயிலில் நேரே இங்கே வந்து இறங்காதே. நாகர்கோவிலில் இறங்கி ஒரு கார் பிடித்துக்கொள். மொத்தம் எழுபது கிலோமீட்டர் இருக்கும், ஆனால் அவசரப்பட வேண்டாம். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூரின் தலைநகரம் அதுதான். இருக்கும் மண் தமிழ்நாடு, பராமரிப்பது கேரள அரசு, இந்த எல்லைப்பக்கத்து வாழ்க்கை எப்படியென்று பிள்ளைகளுக்கு விளங்க அது ஒன்றே போதும். அதற்கும் திங்கட்கிழமை விடுமுறை, மறந்துவிடாதே. அப்புறம் மார்த்தாண்டம், களியக்காவிளை. களியக்காவிளையில் எல்லை தாண்டியது உனக்குத் தெரியவே தெரியாது, இந்தப் பக்கம் பேசுகிற தமிழில் பாதி மலையாளம், அந்தப் பக்கம் பேசுகிற மலையாளத்தில் பாதி தமிழ். 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரியும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சியின் கீழ்தானே இருந்தன. என் அம்மை சாகும்வரை 'திருவனந்தபுரத்துக்குப் போயிட்டு வாறேன்' என்று பக்கத்துத் தெருவுக்குப் போவதுபோலத்தான் சொல்வாள்.

நெய்யாற்றின்கரை தாண்டினால் பாலராமபுரம். மைனியை அங்கே இறக்கிவிட்டு அரைமணி நேரம் சும்மா இரு. பாலராமவர்மா மகாராஜா காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து கூட்டிவந்து குடிவைத்த சாலிய நெசவாளர்கள்தான் அந்தக் கைத்தறிக்கு மூலம். செட்டுமுண்டு, அதாவது இரண்டு துண்டாக உடுத்துகிற கேரளச் சேலை, அங்கேயே எடுப்பது நல்லது. நீயும் ஒரு கரைவேட்டி எடுத்துக்கொள், மறுநாள் கோயிலுக்கு வேண்டும்.

கோயில் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்கள் வேட்டி மட்டும், சட்டை கூடாது. பெண்களுக்குச் சேலை, பெரிய பெண்ணின் சுடிதார் மேல் ஒரு முண்டைச் சுற்றிக்கொள்ளலாம். மொபைலை உள்ளே விடமாட்டார்கள், அறையிலேயே வைத்துவிட்டு வந்தால் ஒரு வரிசை மிச்சம். தரிசனம் காலையில் விட்டு விட்டு நடக்கும், மதியம் சாத்தினால் மறுபடி ஐந்து மணிக்குத்தான். நீ வருவது சபரிமலை சீசன், மாலை போட்டவர்கள் கூட்டம் கிழக்கேகோட்டை முழுக்க நிற்கும், ஆகவே விடிவதற்கு முன்பே போய்விடுவோம். பெருமாள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாளக்கிராமங்களால் ஆனவர் என்று சொல்வார்கள், மூன்று வாசல் வழியாகத்தான் முழுதாகப் பார்க்க முடியும். திருமுகம் ஒரு வாசலில், நாபித் தாமரை நடுவாசலில், திருவடி மூன்றாவதில். ஒரே பார்வையில் அடங்காத அந்த உருவத்தின் முன்னால்தான் 1750-இல் மார்த்தாண்டவர்மா நாட்டையே எழுதிவைத்தார், அதன் பிறகு அரசர்கள் எல்லாரும் பத்மநாபதாசர்கள். அம்மையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நிதானமாகப் பார், பின்னாலிருந்து தள்ளுகிறார்களே என்று நகர்ந்துவிடாதே.

வெளியே வந்ததும் குளத்துக்கு எதிரே மேத்தன் மணி. தாடிக்காரன் முகமும் இரண்டு ஆட்டுக்கிடாவும் உள்ள பழைய கடிகாரம். மணி அடிக்கும்போது கிடாக்கள் வந்து அவன் கன்னத்தில் முட்டும். சின்னவனுக்கு இதைக் காட்டாமல் விடக்கூடாது. பக்கத்திலேயே சுவாதித் திருநாள் கட்டிய குதிரமாளிகை, கூரைக்கு அடியில் வரிசையாக 122 மரக்குதிரைகள்.

ஆனால் குதிரமாளிகை திறக்க நேரமிருக்கும், அதற்குள் சாலைக்கு வந்துவிடு. நான் உனக்குக் காட்ட ஆசைப்படுவது இதைத்தான். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ரோட்டைக் கடந்தால் தெரு தொடங்கிவிடும், அங்கிருந்து கிள்ளிப்பாலம் வரை நேரே ஒரே தெரு. திவான் ராஜா கேசவதாஸ் அமைத்த கடைத்தெரு, இருநூறு வருஷத்துக்கு மேலாகிறது. காலை ஆறுமணிக்குத் தோவாளையிலிருந்து பூ வந்து இறங்கும். பிச்சியும் அரளியும் மூட்டை அவிழ்க்கும்போது தெரு முழுக்க ஒரு வாசனை எழும்பும் பார், நாற்பது வருஷமாக அதை முகர்கிறேன், இன்னும் சலிக்கவில்லை. பின்னாலேயே வாழைக்குலை லாரி. ஏத்தன், செந்துளுவன், ரசகதலி, பாளையங்கோட்டான் என்று நம்மூர்க் குலைகள்தான் பாதிக்கு மேல். ஏழரைக்கு மேல் சுமடு இறக்குகிறவர்கள் டீக்கடையில் நிற்பார்கள், நாமும் அங்கே நிற்போம். பத்துமணிக்கு மேல் வந்தால் ஆட்டோவும் ஸ்கூட்டரும் ஹார்னும்தான், தெரு எதையும் உன்னிடம் பேசாது. தெருவில் பாத்திரக்கடை, வெல்லக்கடை, நகைக்கடை என்று எதில் நுழைந்தாலும் தமிழில் பேசு, தயங்காதே. பேர்பாதிக் கடைக்காரர்களுக்கு வேர் திருநெல்வேலியிலோ நாகர்கோவிலிலோ இருக்கும்.

தெருவின் அந்தப் பக்கம் வலியசாலை. ராஜராஜ சோழன் மெய்க்கீர்த்தியில் 'காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி' என்று படித்தோமே, வரலாற்று வாத்தியார் நம்மை எழுப்பி நிறுத்திக் கேட்டாரே, அந்தக் காந்தளூர்ச் சாலை இந்த இடம்தான் என்று பலர் சொல்கிறார்கள். இன்று அங்கே காந்தளூர் மகாதேவர் கோயிலும், வரிசை வீடுகளாக ஒரு தமிழ் அக்கிரகாரமும் இருக்கின்றன. வாசலில் கோலம் இருக்கிற நேரத்தில் போகவேண்டும்.

நவராத்திரிக்கு நீ வந்திருந்தால் இன்னொன்றும் பார்த்திருப்பாய். பத்மநாபபுரத்து சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை, மூவரும் தமிழ்நாட்டிலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்டு, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் ராத் தங்கி இங்கே வருவார்கள். சரஸ்வதி கோட்டைக்குள், முருகன் ஆரியசாலையில், நங்கை செந்திட்டையில். நவராத்திரி முடிந்ததும் திரும்பப் போவார்கள். எல்லைக்கோடு போட்டு இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அது நிற்கவில்லை. அந்த ஊர்வலம் எங்கள் தெருவைக் கடக்கும்போது நான் கடையை விட்டு இறங்கிக் கும்பிடாத வருஷம் கிடையாது.

இனிச் சாப்பாடு, நீ இதற்காகத்தான் கடிதத்தை வேகமாகப் புரட்டியிருப்பாய். காலையில் புட்டு, பயறு, பப்படம். மூன்றையும் தனித்தனியாகக் கடிக்காதே, பப்படத்தை நொறுக்கி, பயறைக் கொட்டி, கையால் நன்றாகப் பிசைந்து சாப்பிடு, வேண்டுமானால் ஒரு ரசகதலிப் பழமும் சேர்த்துக்கொள். பதினோரு மணிக்குத் தம்பானூர் ஸ்டேஷன் பக்கத்திலுள்ள இந்தியன் காபி ஹவுஸ். லாரி பேக்கர் கட்டிய செங்கல் கட்டடம், உருளையாக மேலே சுற்றிச் சுற்றி ஏறுகிற சரிவுப் பாதையில்தான் மேசைகள். பிள்ளைகள் கீழிருந்து மேல்வரை ஒரு முறை ஏறி இறங்காமல் உட்காரமாட்டார்கள். மசால்தோசைக்குள் பீட்ரூட் சிவப்பாக இருக்கும், பயப்படாதே, அங்கே அப்படித்தான்.

குடிக்கத் தண்ணீர் கேட்டால் இளஞ்சிவப்பாக வெதுவெதுப்பாகக் கொடுப்பார்கள், பதிமுக மரச்சீவல் போட்டுக் கொதிக்கவைத்தது, வயிற்றுக்கு நல்லது, தைரியமாகக் குடிக்கலாம். 'வெள்ளம் வேணோ' என்று கேட்டால் தண்ணீர் வேண்டுமா என்று அர்த்தம், அம்மை வெள்ளம் வந்துவிட்டதென்று பதறவேண்டாம். எலுமிச்சைச் சாறுக்கு இந்த ஊரில் போஞ்சி என்று பெயர், கேரளத்தில் வேறெங்கும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. இன்னொன்று, ஆட்டோக்காரரையோ கடைக்காரரையோ சேட்டா என்று கூப்பிடச் சிரமப்படாதே, இங்கே அண்ணா என்றாலே எல்லாரும் திரும்புவார்கள்.

மத்தியானம் நீயும் பிள்ளைகளும் மீன் ஊண் சாப்பிடலாம். தேங்காய் அரைத்த குழம்பு, பொரித்த நெத்திலி, கூடவே மரச்சீனி மயக்கியது, அதாவது மரவள்ளிக்கிழங்கு மசியல். சாளை மீன் கிடைத்தால் விடாதே, விலை குறைவு என்பதால் பெரிய ஓட்டல்கள் அதை ஒதுக்குவார்கள், ருசியில் நெய்மீன் அதன் பக்கத்தில் நிற்காது என்பது என் கட்சி. அம்மைக்கு என் வீட்டில்தான் சாப்பாடு, வீட்டுக்காரி சத்யை என்கிற இலைச்சாப்பாடு போடுவதாகச் சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்து சத்யையில் பாயசம் கடைசி இல்லை. முதலில் பருப்பும் நெய்யும், அப்புறம் சாம்பார், அப்புறம்தான் இலையில் போளியைப் போட்டு அதன்மேல் பால்பாயசம் ஊற்றுவார்கள், போளி ஊறும்வரை ஒரு நிமிஷம் பொறுக்கவேண்டும். அதோடு எழுந்துவிடக் கூடாது, மறுபடி சோறு வாங்கிப் புளிசேரி, ரசம், மோர் என்று வரும். திகட்டலை அந்தப் புளிப்பு எடுத்துவிடும்.

சாயங்காலம் மியூசியம் வளாகம். நேப்பியர் மியூசியம் 1880-இல் முடிந்த கட்டடம், வரைந்தவர் சிஷோம், நம் சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ் வரைந்த அதே மனிதர். உள்ளே அவசரமாகப் பார்த்தாலும் பரவாயில்லை, வெளியே மரத்தடியில் உட்கார மறக்காதே. அங்கிருந்து கனகக்குன்று அரண்மனை நடந்துபோகிற தூரம். சங்குமுகத்தில் கடல் கரையை நிறையத் தின்றுவிட்டது, முன்பு நாம் உட்கார்ந்த மணல் இல்லை, இருந்தாலும் சூரியன் இறங்குவதை அங்கே பார்க்கலாம். பங்குனியிலும் ஐப்பசியிலும் ஆராட்டு என்கிற தீர்த்தவாரிக்குப் பெருமாள் அந்தக் கடலுக்கு வருவது விமான நிலைய ஓடுபாதை வழியாகத்தான், அந்த நேரம் விமானங்களை நிறுத்திவைப்பார்கள். கோவளம் போனால் பிள்ளைகளைக் கொடி கட்டியிருக்கிற இடத்தைத் தாண்டி இறங்கவிடாதே, அலை இழுத்துக்கொண்டு போகும்.

ராத்திரி தட்டுக்கடை. தோசை, ரசவடை, ஆம்லெட், கட்டன் சாயா. வண்டி புதிதாகத் தெரிகிறதா பழையதாகத் தெரிகிறதா என்று பார்க்காதே, கல் எத்தனை வேகமாகக் காலியாகிறது என்று பார்த்து நில். அம்மைக்குச் சுக்குக்காப்பி வாங்கித் தரலாம்.

தம்பானூர் பக்கம் டிசம்பரில் அறைகள் நிரம்பிவிடும், சபரிமலைக் கூட்டம் ஒரு பக்கம், திரைப்பட விழாக் கூட்டம் ஒரு பக்கம். ஆகவே அறை பார்க்காதே, கரமனையில் எங்கள் வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறது, பையன் அறையைத் துடைத்துவைத்தாயிற்று. டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், அது திங்களில் விழாமல் பார்த்துக்கொள். அம்மைக்குச் சர்க்கரை இருந்தால் அதையும் எழுது, வீட்டுக்காரி பாயசத்தை அளவாக வைப்பாள். சாலைக்கு ஐந்தரைக்குக் கிளம்பினால் போதும், ஷட்டரை அன்றைக்கு நீதான் தூக்கவேண்டும், வலதுபக்கம் கொஞ்சம் இறுக்கம், முதலில் ஓர் உதை கொடுத்துவிட்டுத் தூக்கு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்