மழைக்காலத்தில் படகைக் கரையேற்றும் முன்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். முட்டுக்காட்டுக் கழிமுகத்திலும் கோவளம் கடலிலும் உல்லாசப் படகு ஓட்டும் உங்களில் பெரும்பாலோர் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் படகைக் கரையேற்றி, பொங்கல் வரை தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிடுவது வழக்கம். அதன் பிறகு எங்கள் பட்டறைக்கு வரும், படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சின்களில் ஓடித் தேய்ந்தவை குறைவு, சும்மா கிடந்து கெட்டவையே அதிகம். பக்கத்துக் குப்பத்தில் நாள் தவறாமல் கடலுக்குப் போய்வரும் எஞ்சின் எவ்வளவு பழையதானாலும் உடனே கிளம்பிவிடுகிறது. வாரக் கடைசியில் மட்டும் ஓடும் புது எஞ்சின் சனவரியில் முரண்டு பிடிக்கிறது. ரசீதில் எரிபொருள் பாதையைச் சுத்தம் செய்ததற்கான தொகை ஏன் அடிக்கடி வருகிறது என்று பலர் கேட்டிருப்பதால், அதற்கான விளக்கத்தையும் கரையேற்றும் முன் செய்ய வேண்டியவற்றையும் இங்கே எழுதுகிறோம்.

முதன்மையான காரணம் பெட்ரோல். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. அவுட்போர்டு தயாரிப்பாளர்களில் பெரும்பாலோர் தங்கள் கையேடுகளில் அனுமதிப்பதோ 10 விழுக்காடு வரைதான். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. காரில் ஊற்றிய பெட்ரோல் ஓரிரு வாரத்தில் செலவாகிவிடுவதால் அங்கே இது பெரிய தொல்லையாவதில்லை. ஆனால் கடற்கரை ஈரக்காற்றில், மூடியில் காற்றுத் துளை திறந்திருக்கும் படகு டேங்கில் மாதக்கணக்கில் கிடக்கும் பெட்ரோல் ஓர் அளவுக்கு மேல் நீரைத் தாங்க முடியாமல் பிரிந்துவிடுகிறது. பிரிந்த நீரும் எத்தனாலும் கனமானவை என்பதால் டேங்கின் அடியில் தங்குகின்றன. எரிபொருளை உறிஞ்சும் குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. அந்தக் கலவை கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் நுண் துளைகளான ஜெட்டுகளை அடைக்கும். இன்ஜெக்‌ஷன் எஞ்சினானால் எரிபொருளிலிருந்து ஆவியைப் பிரிக்கும் சிறு கலமான வேப்பர் செப்பரேட்டர் டேங்கின் உட்புறத்தை அரிக்கும். பழைய ரப்பர் குழாய்களும் கையால் அமுக்கும் பிரைமர் பல்பும் உள்ளுக்குள் உரிந்து வருவதற்கும் எத்தனாலுக்குப் பங்கு உண்டு.

ஆகவே, கையில் தூக்கக்கூடிய டேங்க் வைத்திருப்பவர்கள் அதை முழுவதும் காலி செய்துவிடுவதே நல்லது. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்காக வாங்கிய, ஆயில் கலக்காத, நீர் இறங்காத பெட்ரோலை உடனடியாகக் காரில் ஊற்றித் தீர்த்துவிடலாம். படகோடு பொருத்திய டேங்கைக் காலி செய்வது எளிதன்று. அத்தகைய டேங்க் உள்ளவர்கள், பெட்ரோல் கெடுவதைத் தாமதப்படுத்தும் எரிபொருள் நிலைப்படுத்தியை அளவாகக் கலந்து, கலந்த பெட்ரோல் எஞ்சின் வரை போய்ச் சேரும்படி பத்து நிமிடமாவது ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும். நீர் பிரிக்கும் ஃபில்டரை இத்தருணத்தில் மாற்றிவிடுங்கள். அதில் சிக்கனம் பார்ப்பவர்களிடம்தான் பின்னர் நாங்கள் பெரிய தொகை வாங்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது உப்பு. கடல் நீரைக் கொண்டே குளிரும் எஞ்சினை நிறுத்தியதும் உள்ளே எஞ்சிய நீர் அந்தச் சூட்டிலேயே ஆவியாகி, உப்பு மட்டும் தங்கி இறுகுகிறது. நீர் உறிஞ்சும் துளைகளின் மேல் தண்ணீர்க் குழாய் மாட்டிய கவ்வியைப் பொருத்தி, நல்ல நீரைத் திறந்துவிட்ட பின்னரே எஞ்சினைக் கிளப்பி, பத்து நிமிடம் மெதுவேகத்தில் ஓட விடுங்கள். சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் சூடேறித் திறந்தால்தான் நல்ல நீர் சிலிண்டரைச் சுற்றியுள்ள வழிகள் முழுவதும் பாயும். அப்போது புரொப்பெல்லர் அருகே யாரும் நிற்கக் கூடாது. தண்ணீர் இல்லாமல் ஒரு கணம் கிளப்பிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பம்பில் நீரைத் தள்ளும் ரப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லர் ஈரமின்றிச் சுழன்றால் சில நொடிகளிலேயே தேயத் தொடங்கும் என்பதால் அதைக் கண்டிப்பாகத் தவிர்க்கவும். பக்கவாட்டில் பீச்சும் நீர்த்தாரை மெலிந்தால் மணலோ பிளாஸ்டிக் தாளோ அடைத்திருக்கலாம், இம்பெல்லரின் இதழ்கள் மடங்கிப் போயிருக்கலாம். முகத்துவாரத்தில் மணல் திட்டின் மேல் ஓட்டுபவர்களுக்கு இம்பெல்லர் ஈராண்டு தாங்கினாலே நல்லது.

கியர் ஆயிலை மழைக்காலத்துக்கு முன் மாற்றச் சொல்வதற்குக் காரணம், வடித்துப் பார்த்தால்தான் உள்ளே நீர் புகுந்திருப்பது தெரியும் என்பதே. ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால், நீர் புகாமல் தடுக்கும் சீல் போய்விட்டது என்று பொருள். பெரும்பாலும் புரொப்பெல்லரைக் கழற்றினால் அதன் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றிச் சீலை அறுத்திருக்கும். அதைக் கவனிக்காமல் நான்கு மாதம் விட்டால் பேரிங்கும் பல்சக்கரங்களும் துருவேறும். ஒரு சீலின் விலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை முழு கியர் பெட்டியின் விலைக்குப் போய்விடும்.

அரிப்பைத் தான் ஏற்று எஞ்சினைக் காக்கும் உலோகக் கட்டியான ஆனோடு பாதி கரைந்திருந்தால் மாற்றவும். அதன் மேல் பெயிண்ட் அடிக்க வேண்டாம். நம் கழிமுகத்தின் உவர் நீருக்கு அலுமினியக் கலவை ஏற்றது. கொடைக்கானல், ஏற்காடு போன்ற நன்னீர் ஏரிகளுக்கு மக்னீசியம் சரி, ஆனால் அதைக் கடலில் போட்டால் மிக விரைவில் கரைந்துவிடும்.

பேட்டரியை முழுமையாக ஏற்றி, 12.6 வோல்ட் காட்டுகிறதா என்று பார்த்து, இணைப்பைக் கழற்றி, மாதம் ஒருமுறை மீண்டும் ஏற்றவும். படகை நீரிலேயே கட்டி வைப்பவர்கள் மட்டும் இணைப்பைக் கழற்றக் கூடாது. அடியில் சேரும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்பும் அதன் மிதவை சுவிட்சும் தனி ஃபியூஸ் வழியாக பேட்டரியோடு எப்போதும் இணைந்திருக்க வேண்டும். பம்ப் வேலை செய்கிறதா என்று மிதவையைக் கையால் தூக்கிப் பார்ப்பதோடு, பேட்டரியில் மின்சாரம் இருக்கிறதா என்பதையும் மழை நாள்களில் நேரில் வந்து பார்த்தாக வேண்டும்.

டிரெய்லரில் நிறுத்துபவர்கள் எஞ்சினைச் செங்குத்தாக இறக்கி உள்நீரை வடியவிட்டு, படகின் மூக்கைச் சற்று உயர்த்தி, பின்பக்க வடிகால் அடைப்பானைக் கழற்றி வைக்கவும். ஆறு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள திறந்த படகில், ஒரே இரவில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ ஆயிரம் லிட்டர் நீர், அதாவது ஒரு டன் எடை சேர்ந்துவிடும். தார்ப்பாய் நடுவில் தொய்ந்து கிழிந்தாலும் இதே கதைதான். சென்னை மழைக்கு 10 சென்டிமீட்டர் அரிதான அளவன்று. கழற்றிய அடைப்பானை எஞ்சின் சாவியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள், சனவரியில் அடைப்பானை மறந்து படகை நீரில் இறக்க வழியிராது.

இவ்வேலைகளை நீங்களே செய்துகொள்ளலாம். எங்களிடம் விட விரும்புபவர்கள் செப்டம்பர் முடிவதற்குள் படகைக் கொண்டுவந்தால், அவசரமின்றிப் பார்த்துத் தர இயலும்.

இப்படிக்கு,
பட்டறையினர்