ஆம்னி பேருந்து உரிமையாளர்களுக்கு: லைசென்ஸோடு நின்றுவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆம்னி பேருந்து உரிமையாளர்களுக்கு,

வணக்கம். தீபாவளி, பொங்கல் நாட்களில் சென்னையிலிருந்து தென்மாவட்டங்களுக்குக் கூடுதல் பேருந்துகளை விடும்போது, நிரந்தர ஓட்டுநர்கள் போதாமல் ஆக்டிங் டிரைவர்களை அழைத்துக்கொள்வது உங்கள் தொழிலில் வழக்கம். வருபவரிடம் ஹெவி லைசென்ஸ் இருக்கிறதா, அது காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பார்ப்பதோடு பல இடங்களில் விசாரணை முடிந்துவிடுகிறது. அவர் தேர்வில் தேறியதை உரிமம் சொல்லும். அதன்பின் எப்படி ஓட்டி வந்திருக்கிறார் என்பதை அது சொல்லாது. இரவெல்லாம் உறங்கியபடி வரும் பயணிகளுக்கு அதுதான் முக்கியம்.

இதற்கான அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. 1997 நவம்பரில் டெல்லியில் பள்ளிப் பேருந்து ஒன்று யமுனையில் விழுந்து குழந்தைகள் பலர் இறந்ததையடுத்து, எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்நகரின் பள்ளிப் பேருந்து ஓட்டுநர்களுக்குக் கடுமையான நிபந்தனைகளை விதித்தது. சிவப்பு விளக்கை மீறுதல் போன்றவற்றுக்காக ஓராண்டில் இரண்டு முறைக்கு மேல் சலான் (போக்குவரத்து விதிமீறலுக்கான அபராதச் சீட்டு) பெற்றவரையும், அதிவேகத்துக்கோ குடிபோதைக்கோ ஒரே ஒரு முறை சலான் பெற்றவரையும் பணியில் அமர்த்தக் கூடாது என்றது. தொலைதூர இரவுப் பேருந்துக்கு இதைவிடத் தளர்ந்த விதி போதும் என்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

பார்வைக்கு உண்மையாகத் தோன்றும் உரிமம் இருந்து, ஓட்டிக் காட்டச் சொல்லித் திறமையும் பார்த்துவிட்டால், ஆர்.டி.ஓ. அலுவலகம்தோறும் உரிமையாளர் விசாரிக்க வேண்டியதில்லை என்று 2003இல் லெஹ்ரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மைதான். ஆனால் அது, விபத்து இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் கட்ட வேண்டுமா என்பதைப் பற்றிய தீர்ப்பு. அதற்குப் பின் காலமும் மாறிவிட்டது. இன்று உரிம எண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் மத்திய அரசின் சாரதி இணையதளத்தில் உரிமத்தைச் சரிபார்க்கலாம். இ-சலான் தளத்திலும் உரிம எண்ணைக் கொண்டு தேட முடியும்.

ஆனால் இங்கே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கேமரா பிடிக்கும் அதிவேகச் சலான் வண்டி எண்ணின் மீதுதான் விழுகிறது. அந்த இரவு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் யார் என்பது உங்கள் ட்ரிப் ஷீட்டுக்கு மட்டுமே தெரியும். அபராதத்தை நீங்கள் கட்டிவிட்டு, அந்த ஓட்டுநரைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டால், அடுத்த வாரமே அவர் இன்னொருவரின் பேருந்தை எடுக்கிறார். அந்த உரிமையாளருக்கு எதுவும் தெரிவதில்லை. ஆகவே ஒவ்வொரு சலானையும் ஓட்டுநரின் பெயரோடு பதிந்து வைத்து, அவர் விலகும்போது தரும் பணிச் சான்றில் அதை மறைக்காமல் எழுதுவதை உங்கள் சங்கங்கள் கட்டாயமாக்க வேண்டும். எழுதுவதை ஓட்டுநரிடம் காட்டி, அவருடைய விளக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோ பார்க்கிங் அபராதத்துக்காக ஒருவரின் பிழைப்பு போகக் கூடாது.

வரும் பண்டிகைக் காலத்துக்கு ஆள் அழைக்கத் தொடங்குமுன் இதில் முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பேருந்துகளில் ஊர் போய் வரும் ஒரு பயணி