கியூ அலமாரியை அந்தச் சுவரிலிருந்து எடுங்கள்

எங்கள் மன்றத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். செப்டம்பர் கடைசியில், பந்தடிக்கும் மரக்கோல்களான கியூக்களை வைக்கும் அலமாரியை ஸ்னூக்கர் அறையிலிருந்து வெளித் தாழ்வாரத்துக்கு ஏன் மாற்றினீர்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். விருந்துக் கூடத்து நாற்காலிகளை அடுக்க இடம் வேண்டியிருந்தது. அதைப் பற்றி வாதாட நான் வரவில்லை. அலமாரி இப்போது ஒட்டி நிற்பது கழிப்பறைச் சுவர். இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, பூச்சு பொரிந்து உதிர்கிறது. தயவுசெய்து அலமாரியை அங்கிருந்து எடுத்துப் பழைய இடத்தில் வையுங்கள். இந்த மடலில் நான் கேட்பது இது ஒன்றைத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். என் கியூ ஆஷ் மரம், 2006-ல் வாங்கியது. ஆஷ் மரத்தில் நார்க்கோடுகள் அம்பு முனை போல வரிசையாக ஓடும். அந்த அம்பு மேலே பார்க்கிற மாதிரி பிடித்துத்தான் ஒவ்வொரு பந்தையும் அடிப்பேன். அவ்வளவு வருடப் பழக்கம் கையை விட்டுப் போகாது. அன்று முதல் நேர் அடியே தவறியது. அடுத்ததும் தவறியது. வயதாகிறது, கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். நாலாவது பந்தும் பாக்கெட்டின் இடது வாயில் முட்டித் திரும்பியதும், ஆட்ட அறையைக் கவனித்துக்கொள்ளும் நம் மார்க்கர் என் கையிலிருந்து கியூவை வாங்கி மேசை மேல் வைத்து உருட்டினார். நேரான கியூ என்றால் சீராக, சத்தமில்லாமல் உருளும். இது தத்தித் தத்திப் போனது. ஒவ்வொரு சுற்றுக்கும், பந்தைத் தொடும் முனையான டிப் பக்கம் மேசைத் துணியை விட்டு எழும்பி இறங்கியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை உருட்டிப் பார்த்துவிட்டு, துண்டால் துடைத்து என்னிடம் கொடுத்தார். முப்பது வருடமாக அந்த அறையின் கியூக்களைப் பார்த்துக்கொள்பவர். ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றைக்கே அலமாரியிலிருந்த இன்னும் ஏழு கியூக்களை உருட்டிப் பார்த்தோம். மூன்று வளைந்திருக்கின்றன. அதில் ஒன்று, பள்ளி முடித்து மாலையில் வந்து ஆடும் பையனுடையது. மேப்பிள் மரத்தில் செய்த, பூல் ஆட்டத்துக்கான கியூ, வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

"உறுப்பினர்கள் தங்கள் பொருள்களுக்குத் தாங்களே பொறுப்பு" என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். சரி, பொறுப்பாக இருந்து பார்த்தேன். ஈரம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கி அலமாரிக்குள் வைத்தேன். ஏசி ஓடும்போது ஆட்ட அறையில் 55 காட்டிய முள், தாழ்வாரத்தில் மழை நாளன்று 86-ல் நின்றது. சிலிக்கா ஜெல் போடச் சொன்னீர்கள். அதையும் போட்டேன். நீல மணிகள் நாலே நாளில் வெளிறி ரோஜா நிறமாகிவிட்டன. மூடிய பெட்டிக்குள் வைத்தால் ஜெல் நன்றாக வேலை செய்யும். உங்கள் அலமாரிக் கதவிலோ வரிசையாகக் காற்றுத்துளைகள். தாழ்வாரத்து ஈரம் முழுவதையும் ஒரு கைப்பிடி ஜெல் எப்படி உறிஞ்சும்?

மழைக்காலத்தில் நம் வீட்டு மரக்கதவு உப்பிக்கொண்டு சாத்த வராது அல்லவா, அதே கதைதான் இதுவும். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதம் இருந்தால் மரம் தன் காய்ந்த எடையில் சுமார் 9 சதவீதம் தண்ணீரை வைத்திருக்கும். 80-க்குப் போனால் அது 16-ஐ நெருங்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் ஈரம் ஏறினால் மரம் கொஞ்சம் பருக்கும், அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் மட்டும் அதிகமாக இழுத்தால் அந்தப் பக்கம் நீண்டு, கியூ வில்லாகிறது. டிப்புக்கு அடியிலும் இரண்டு துண்டுகளைத் திருகிப் பூட்டும் இடத்திலும் நார் வெட்டுப்பட்டுத் திறந்திருப்பதால், வார்னிஷ் எவ்வளவு பூசினாலும் அங்கே ஈரம் சீக்கிரம் நுழைந்துவிடும். போதாததற்குத் தாழ்வாரத் தரை, தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகப் போட்ட தரை. அலமாரி சாய்ந்து நிற்கிறது, கியூக்களும் அதோடு சாய்ந்து நிற்கின்றன. கியூ நிமிர்ந்து நிற்கலாம், படுத்திருக்கலாம். சாய்ந்து மட்டும் நிற்கக் கூடாது.

வளைந்ததை நிமிர்த்தித் தருகிறேன் என்று ஆவி காட்டுபவர்களும் எடை கட்டித் தொங்கவிடுபவர்களும் உண்டு. பெரும்பாலும் அடுத்த மழைக்குக் கியூ பழையபடி வளைந்துவிடும். அதனால் நஷ்டஈடு கேட்கவில்லை. அலமாரியை எடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வீட்டுக்கே கொண்டுபோகலாமே என்று செயற்குழு உறுப்பினர் ஒருவர் சொன்னார். நான் திருவான்மியூரிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறேன். கடற்கரை நாலு தெரு தள்ளி. வீட்டில் உப்பு ஜாடியே நீர்விட்டுக் கொண்டிருக்கிறது. காரில் வருபவர்கள் டிக்கியில் வைத்தால் மே மாத வெயிலில் அது வேறு விதமாகக் கெடும். இந்த ஊரில் ஒரு மரக்கியூவுக்குப் பாதுகாப்பான இடம், ஈரமும் சூடும் திடீர் திடீரென்று மாறாத ஓர் அறைதான். அந்த அறை நம்மிடம் இருக்கிறது. இத்தனை வருடம் கியூக்கள் அங்கேதான் இருந்தன, ஒன்றும் வளையவில்லை.

இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1875-ல் ஜபல்பூரில் பிறந்த இந்த ஆட்டத்துக்கு 1882-ல் நம் உதகமண்டலத்து மன்றத்தில்தான் விதிகள் எழுதி மாட்டினார்கள். அந்தப் பெருமையைப் படச்சட்டம் போட்டு நம் அறைச் சுவரிலும் மாட்டியிருக்கிறீர்கள், வரும் விருந்தினர்களுக்குக் காட்டுகிறீர்கள். ஆட்டத்தின் மேல் மரியாதை இருக்கிறது என்றால் அது ஆடுகிறவர்களின் கையிலிருக்கும் கோலுக்கும் வர வேண்டாமா? விருந்துக் கூடத்துக்கு இந்த வருடமும் புது வண்ணம் அடித்தீர்கள். சீட்டாட்ட அறையில் இரவு பன்னிரண்டு வரை ஏசி ஓடுகிறது. எங்கள் அறையில் பத்து மணிக்கு நிறுத்தச் சொல்லி உத்தரவு. கேட்டால், ஆடுபவர்கள் குறைந்துவிட்டார்கள் என்கிறீர்கள். வளைந்த கியூவோடு யார் ஆட வருவார்கள்?

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குழுவில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காமல் மாலை நேரத்தைக் கொடுத்து உழைக்கிறவர்கள் என்பது எனக்குத் தெரியும். யாரையும் நோகடிக்க எழுதவில்லை.

ஐப்பசி கார்த்திகை அடைமழை என்பார்கள். ஐப்பசி முடியப்போகிறது, கார்த்திகை முழுசாக பாக்கி இருக்கிறது. அலமாரியில் இன்னும் நேராக இருக்கும் கியூக்கள் நான்கு, நாங்கள் பார்த்த வரையில். நாற்காலிகளை மேல்மாடி ஸ்டோரில் அடுக்க இடம் இருக்கிறது, காவலாளியோடு போய்ப் பார்த்துவிட்டேன். ஆள் இல்லை என்றால் நாங்களே வருகிறோம். வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஐந்து பேர் தயார். ஸ்டோர் சாவியை மட்டும் மார்க்கரிடம் கொடுத்து வையுங்கள்.

பணிவுடன்,
ஸ்னூக்கர் அறை உறுப்பினர் ஒருவர்
சென்னை