பெட்டி எடுக்க வரும் முன்

பண்ருட்டி
கார்த்திகை 8

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவர் காரியம் குறையில்லாமல் முடிந்தது. அவர் விட்டுப்போன பன்னிரண்டு தேனீப் பெட்டியில் இரண்டை உனக்குத் தர அவர் மகளுக்குச் சம்மதம். வில்லியனூருக்கு எடுத்துப் போகும் முன் அவர் முறையை உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஊரில் எல்லாரும் அவரைத் தேன்காரர் என்றார்கள். அவருக்கு அது பிடிக்காது. "நான் முந்திரிக்காரன். தேன் எனக்குக் கிடைக்கிற கூலி" என்பார். கணக்கும் அப்படித்தான். முந்திரி மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறந்து ஒட்டுகிற சாதி இல்லை. ஒரு கொத்தில் ஆண் பூதான் அதிகம், காய்க்கிற பூ கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தின் மேல் பூச்சி ஏதாவது வந்து உட்கார்ந்தால்தான் கொட்டை. அதற்காகவே கொல்லையில் ஏக்கருக்கு இரண்டு பெட்டி வைத்தார்.

தை மாசி பூவுக்குக் கார்த்திகையிலேயே வேலை தொடங்கும். இன்று இட்ட முட்டை வேலைக்காரத் தேனீயாக வெளிவர மூன்று வாரம், அது மேயக் கிளம்ப இன்னும் இரண்டு மூன்று வாரம். பூவைக் கண்ட பிறகு தேனீ பெருகச் சர்க்கரைப் பாகு ஊற்றி என்ன பயன்? மழையில் மேய்ச்சல் இல்லாத இந்த நாளில்தான் ஊற்ற வேண்டும். வெள்ளைச் சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கிய பிறகே சர்க்கரையைப் போடு. அடுப்பில் வைத்துக் கிண்டினால் தீய்ந்த சர்க்கரை தேனீயைக் கொல்லும். வெல்லம் வேண்டவே வேண்டாம், பேதியாகும். ஆறியதும் தேங்காய்த் தொட்டியில் இருநூறு மில்லி, மிதக்க நாலு வைக்கோல் துண்டு, பெட்டிக்குள்ளே வை. விளக்கு வைத்த பிறகு மட்டும், வாரத்துக்கு இரண்டு தரம். பகலில் வைத்தாலோ வெளியே சிந்தினாலோ பக்கத்துப் பெட்டித் தேனீ வாசனை பிடித்துக் கொள்ளையடிக்க வரும். இளைத்த தேனீக் குடும்பம் ஒரே நாளில் காலி.

அவர் பெட்டி திறக்கும் விதம் உனக்கு நினைவிருக்கும். தேங்காய் நார்ப் புகையை பெட்டி வாசலில் இரண்டே தரம் ஊதிவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். தேனீ அடை கட்டுகிற சட்டங்களில் ஓரச் சட்டத்தை முதலில் எடுத்து வெளியே சாய்த்துவைப்பார். உள்ளே நகர்த்த இடம் கிடைத்த பிறகே நடுச் சட்டம். நடுவை முதலில் இழுத்தால் இரண்டு அடையும் உரசி, இடையில் ராணி இருந்தால் நசுங்கும். சட்டத்தைப் பார்க்கும்போது மல்லாத்தவே மாட்டார். புது அடை தேன் கனத்தில் ஒடிந்து விழும். செங்குத்தாகவே பிடித்து, கதவு திறப்பதுபோல் மறுபக்கம் திருப்புவார்.

அந்தக் கவனம் பட்டு வந்தது. 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுவைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் தென்னாட்டில் பெட்டியில் வளர்க்கும் நாட்டு இனமான அடுக்குத் தேனீயைத் துடைத்துக்கொண்டு போனபோது, முப்பது பெட்டியில் அவருக்கு மிஞ்சியது மூன்று. அடையின் கண்ணறையில் புழு மல்லாந்து, தலையைப் படகு மூக்குபோல் மேலே தூக்கிச் செத்துக்கிடக்கும். ஊசியால் தூக்கினால் நீர் நிறைந்த பைபோல முழுசாக வரும். மருந்து கிடையாது. நோய் கண்ட அடையை எரித்து, ராணியை இரண்டு மூன்று வாரம் கூண்டில் அடைப்பார். முட்டை நின்றால் புழு நிற்கும், புழு இல்லாவிட்டால் நோய்க்கு இரை இல்லை. தப்பிய மூன்றிலிருந்துதான் மற்றதையெல்லாம் பிரித்தெடுத்தார். வெளியூரிலிருந்து மலிவாக யார் கொண்டுவந்தாலும் வாங்க மறுத்தார். அதைக் கஞ்சத்தனம் என்றவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அடுத்த அடி 'தானே' என்ற புயல். 2011 டிசம்பர் 30, பூ கட்டும் நேரம். மரம் வேரோடு சாய்ந்தது. அந்த வருஷம் பெட்டிகளைத் திருக்கோவிலூர்ப் பக்கம் எள்ளுக் கொல்லைக்குக் கொண்டுபோய்ப் பிழைக்கவைத்தார். திரும்பி வந்து ஏழுக்கு ஏழு மீட்டரில், ஒன்றரை அடிக் குழியில், விருத்தாசலம் 3 ரக முந்திரி ஒட்டுக்கன்று நட்டார். ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே நிற்கும்படி நட்டு, கீழே வெடிக்கிற துளிரை விடாமல் கிள்ளினார். முதல் இரண்டு வருஷம் வந்த பூங்கொத்தையும் ஒடித்துப் போட்டார். இடையில் மல்லாட்டையும் (நிலக்கடலை) உளுந்தும் அவர் வயிற்றைக் காத்தன.

பூ நேரத்தில் பக்கத்துக் கொல்லையில் முந்திரித் துளிரை உறிஞ்சும் தேயிலைக் கொசு என்ற பூச்சிக்கு மருந்தடித்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். முந்தின நாளே சொல்லச் சொல்லி வை. இரவு தேனீ அடங்கியதும் வாசலைக் கம்பிவலையால் அடை, மறுநாள் பொழுது சாயத் திற. பலகையாலோ துணியாலோ அடைத்தால் உள்ளே சூடேறி மெழுகு இளகிக் குடும்பமே சாகும். பெட்டியின் மேல் ஈரச்சாக்கு போடு. ஒருநாளுக்கு மேல் அடைக்காதே.

தேன் எடுப்பில் சட்டத்தில் முக்கால் பங்கு மெழுகு மூடியிருக்க வேண்டும். மூடாத தேனில் தண்ணீர் அதிகம், பாட்டிலில் நுரைத்துப் புளிக்கும். பெட்டியின் மேலறைத் தேனை மட்டும் எடு. கீழறையில் புழுவைச் சுற்றி இருப்பது அவற்றின் சாப்பாடு, அதில் அவர் விரல்கூட வைத்ததில்லை. பெட்டிக்கு வருஷம் நாலு கிலோ வந்தால் நல்ல வருஷம் என்பார். பத்து கிலோ என்று பேசுகிறவர்கள் கீழறையையும் பிழிகிறார்கள் என்பது அவர் சந்தேகம்.

எறும்புக்குத் தாங்குகாலின் கீழ்க் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பது உனக்குத் தெரியும். மழையில் வளரும் ஒரு புல் பெட்டியைத் தொட்டால் போதும், எறும்புக்குப் பாலம் கிடைத்துவிடும். வாரம் ஒருமுறை குனிந்து பார்.

வரும் சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு மேல் வா. கம்பிவலை, கயிறு, பழஞ்சாக்கு கொண்டுவா. சட்டங்கள் வண்டி போகும் திசைக்கு இணையாக இருக்கும்படி ஏற்று. குறுக்கே வைத்தால் பிரேக் போடும்போதெல்லாம் அடை ஒன்றோடொன்று மோதும். இறக்கிவைத்து அரைமணி கழித்து, இருட்டிலேயே வாசலைத் திற. கிழக்குப் பார்த்து, வேப்பமர நிழலில், முன்பக்கம் சற்றுத் தாழ வை, மழைத்தண்ணீர் உள்ளே நிற்காது.

காசு வேண்டாம் என்கிறாள் மகள். அப்பாவின் அடை சீவும் கத்தியை மட்டும் தான் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். நீ வேறு வாங்கிக்கொள்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்