எந்தப் பக்கத்தில் போட்டார்கள்?

சிங்கப்பூர்
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஆசிரியருக்கு,

நம் கையெழுத்துப் பத்திரிகை மூன்றே இதழோடு நின்று அறுபது வருஷம் ஆகிறது. ஆனாலும் உன்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வரவில்லை. அந்த மூன்றாம் இதழ் விஷயமாக உன்னிடம் ஒரு பழைய பாக்கி இருக்கிறது, அதைக் கடைசியில் கேட்கிறேன்.

உன் கடிதம் ஜூனிலேயே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்குக் காரணம் கண். வலது கண்ணில் புரை எடுத்தார்கள். வேலை என்னவோ அரை மணிக்குள் முடிந்துவிட்டது, ஆனால் ஒரு மாதத்துக்குக் குனியாதே, தூக்காதே, உற்றுப் படிக்காதே என்று உன் தங்கச்சி, அதுதான் என் மனைவி, டாக்டரைவிடக் கண்டிப்பாக இருந்தாள். காலையில் பேத்திதான் பேப்பர் படித்துக் காட்டினாள். தமிழ் நன்றாகவே படிக்கிறாள், 'ழ'கூடச் சுத்தமாக வருகிறது. ஆனால் அவள் எதைப் படித்தாளோ அதுதான் அன்றைக்கு எனக்கு உலகம். மரண அறிவித்தல் பக்கத்தை மட்டும் படிக்க மாட்டேன் என்றுவிட்டாள். "அது எதுக்கு தாத்தா, காலையிலேயே?" நானும் விட்டுவிட்டேன். விளைவு, நான் எழுத்துக் கோத்த அச்சகத்தின் பழைய ஃபோர்மன் தவறிப்போனது பத்து நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. காரியமெல்லாம் முடிந்திருந்தது. அவள் பொய் எதுவும் படிக்கவில்லை, ஒரு பக்கத்தைத் திருப்பினாள், அவ்வளவுதான்.

நீ கேட்டிருந்தாயே, "உங்கள் ஊர்த் தேர்தலில் ஜெயிக்க வைத்தது பேப்பரா, போனா?" என்று. மலேசியாவில், உன் ஈப்போவில், டீக்கடைக்காரர்களோடு உனக்குப் பெரிய வாக்குவாதம் போலிருக்கிறது. மே 3 முடிவு உனக்குத் தெரிந்ததுதான். ஆளும் மக்கள் செயல் கட்சிக்கு 65.57 விழுக்காடு, 97 இடங்களில் 87. எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி தன்னிடமிருந்த 10 இடங்களைக் காப்பாற்றிக்கொண்டது. பேப்பர்தான் காரணம் என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஆளுங்கட்சியின் வாக்கு 2011இல் 60.1, 2015இல் 69.9, 2020இல் 61.2, இப்போது 65.6. இத்தனை ஏற்ற இறக்கத்திலும் வீட்டு வாசலில் வந்து விழுந்தவை அதே பேப்பர்கள்தானே? போன்தான் என்கிறவர்களுக்கும் அதே கேள்வி. 2015இல் எல்லார் கையிலும் போன் இருந்தது, ஆளுங்கட்சி ஏறத்தாழ எழுபதைத் தொட்டது.

யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று பேப்பர் சொல்லி நாம் கேட்டதில்லை. எதைப் பற்றிச் சண்டை போட வேண்டும் என்பதை மட்டும் அதுதான் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு இது அச்சகத்தில் தெரிந்தது. அத்தனை வருஷத்தில் பொய்ச் செய்தி ஒன்றைக் கோத்ததாக எனக்கு நினைவே இல்லை. ஆனால் 36 பாயிண்ட் பெரிய எழுத்தில் வரவேண்டியதை 12 பாயிண்ட் சின்ன எழுத்தில் கோத்திருக்கிறேன். முதல் பக்கத்துக்குப் பூட்டி வைத்திருந்ததை அவிழ்த்து, உள்ளே கல்யாண விளம்பரத்துக்குக் கீழே தள்ளியிருக்கிறேன். "இடம் இல்லப்பா" என்பார்கள். இடம் இருக்கும்.

இதே விஷயத்தை அப்பா வேறு மாதிரிச் சொல்வார். 1950 டிசம்பரில் அவர் ஹை ஸ்திரீட்டில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தார், உச்ச நீதிமன்றத்துக்குக் கூப்பிடு தூரம். மரியா ஹெர்டோ வழக்கு உனக்கு நினைவிருக்கும். மலாய் முஸ்லிம் தாய் வளர்த்த டச்சுப் பெண்ணைப் பெற்றவளிடமே ஒப்படைக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது, பெண்ணைக் கன்னிமாடத்தில் வைத்தார்கள். உள்ளே போன பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். மாதா சிலை முன்னால் மண்டியிட்ட மாதிரி ஒன்று, கன்னியாஸ்திரிகளோடு கைகோத்த மாதிரி ஒன்று. 11ஆம் தேதி பாடாங் திடல் பக்கம் கிளம்பிய கலவரத்தில் 18 பேர் செத்தார்கள், 173 பேருக்குக் காயம். அப்பா கடைக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு ராத்திரி முழுக்கப் பட்டு ஜவுளிக்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாராம். "படத்துல ஒரு பொய்யும் இல்லடா, அந்தப் பிள்ளை நின்னுச்சு, எடுத்தான்" என்பார். அதைப் போட்டவர்களுக்கு ஊர் எப்படிக் கொதித்துக் கிடக்கிறது என்று தெரியாதா என்ன?

அந்த ஒரு படம் அதோடு முடியவில்லை. 1971இல் பிரதமர் லீ குவான் இயூ ஹெல்சிங்கியில் உலகப் பத்திரிகைக்காரர்கள் கூட்டத்தில், பத்திரிகையை ஏன் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்பதற்கு இந்தப் படத்தையே உதாரணமாகச் சொன்னார். 1974இல் சட்டமே வந்துவிட்டது. நாளிதழ் நிறுவனத்தில் நிர்வாகப் பங்கு என்று ஒரு வகை, அரசாங்கம் சம்மதித்தவர்கள்தான் வைத்துக்கொள்ளலாம், இயக்குநரை நியமிப்பது, நீக்குவது என்று வந்தால் அந்தப் பங்கு ஒன்றுக்கு 200 வாக்கு. ஆசிரியரைக் கூப்பிட்டு அதட்டவே தேவையில்லாத ஏற்பாடு. இதில் எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவது ராஜரத்தினத்தை நினைத்தால்தான். வெள்ளைக்கார ஆட்சியைப் பேனாவால் குத்திக் குத்தியே பேர் வாங்கிய பத்திரிகைக்காரர், இந்தச் சட்டம் வந்தபோது அமைச்சரவையில் இருந்தார். பேனா எவ்வளவு ஆழம் இறங்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரிந்திருக்கும்?

அப்புறம் 2006 தேர்தல். அப்போதுதான் நீ மகள் வீட்டோடு அங்கே போயிருந்தாய். ஹவ்காங்கில் பாட்டாளிக் கட்சிக் கூட்டம், திடல் கொள்ளாத ஜனம். ஒருவர் அடுக்குமாடியின் மேலிருந்து படம் எடுத்துத் தன் வலைப்பூவில் போட்டார். மறுநாள் பேப்பரில் கூட்டம் நடந்த செய்தி இருந்தது, பேசியவரின் முகம் இருந்தது. ஆனால் அந்தத் தலைக் கடலை நான் முதலில் பார்த்தது என் மருமகனின் கணினியில்தான். அந்தத் தேர்தலில் அவர்கள் ஹவ்காங்கைத் தாண்டி எதையும் பிடிக்கவில்லை, ஆக, அந்தப் படம் ஓட்டை அள்ளிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'நம்ம மாதிரி நினைக்கிறவன் நாலு பேர்தான்' என்று வீட்டுக்குள் இருந்தவனுக்கு எண்ணிக்கை தெரிந்துவிட்டது. ஐந்து வருஷம் கழித்து, பல உறுப்பினர்களை ஒரே அணியாகத் தேர்ந்தெடுக்கும் அல்ஜுனிட் குழுத்தொகுதியே அவர்கள் கைக்கு மாறியது. உங்கள் பக்கம் 2008 தேர்தலில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதானே? தேர்தல் முடிந்ததும் பிரதமர் படாவியே இணையப் போரில் தோற்றோம் என்று ஒப்புக்கொண்டார். தமிழ் நேசன் 1924இலிருந்து வந்த பேப்பர், 2019இல் நின்றபோது நீ எழுதிய கடிதம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. துக்க வீட்டுக் கடிதம் மாதிரியே எழுதியிருந்தாய்.

எங்கள் தமிழ் முரசுக்கு ஜூலை 6 அன்று தொண்ணூறு நிறைந்தது. ஒரு காசுப் பத்திரிகையாக 1935இல் சாரங்கபாணி தொடங்கியது. பேப்பரால் கெடுதல்தான் என்று பேசுகிறவர்களிடம் நான் அப்பா கதையைச் சொல்வேன். 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, பல வருஷம் இங்கே வாழ்ந்தவர்கள் பதிந்துகொள்ளலாம் என்று ஆனது. நம் ஆட்களில் பாதிப் பேர், "நாளைக்கு ஊருக்குப் போறவனுக்கு எதுக்கு இந்தக் காகிதம்?" என்று இருந்தார்கள். அப்பாவும்தான். சாரங்கபாணி விடவில்லை. பதிந்துகொள், பதிந்துகொள் என்று எழுதிக்கொண்டே இருந்தார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. சிராங்கூன் சாலையில் முடிவெட்டும் கடையில் ஒருவர் சத்தமாகப் படிப்பார், தலையைக் குனிந்து உட்கார்ந்தவன் எழுந்து ஓட முடியாது, கேட்டே ஆகவேண்டும். மூன்றாவது தடவை முடிவெட்டியபோது போய்ப் பதிந்துவிட்டார். 1959இல் வாக்களிப்பு கட்டாயமானபோது வேட்டியைச் சலவை போட்டுக் கட்டிக்கொண்டு போனார். ஓட்டு யாருக்கு என்று எந்தப் பேப்பரும் அவருக்குச் சொல்லவில்லை. ஓட்டே பேப்பர் கொடுத்ததுதான்.

இப்போது அந்தப் பேப்பரெல்லாம் அரசாங்கப் பணத்தின் துணையோடுதான் நிற்கின்றன. 2021இல் நாளிதழ்களைத் தனியாகப் பிரித்து லாப நோக்கமில்லாத நிறுவனமாக்கினார்கள், 2022இல் வருஷத்துக்கு 180 மில்லியன் வெள்ளி வரை ஐந்து வருஷம் என்று அறிவித்தார்கள். கொடுக்கிறவன் கையைக் கடிக்க முடியுமா என்று நீ கேட்பாய். கேள். எனக்கும் அது உறுத்துகிறது. ஆனால் விளம்பரத்தை மட்டும் நம்பியிருந்தால் தமிழில் ஒரு நாளிதழ் இந்தத் தீவில் இருந்திருக்காது. இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, என் வெட்கக் கதையையும் கேள். வாக்களிப்புக்கு நான்கு நாள் இருக்கும். இரவு பத்தரைக்கு ஒரு காணொளி வந்தது. ஒரு வேட்பாளர் மேடையில் நின்று நம் ஆட்களைப் பற்றி மட்டமாக ஏதோ சொல்கிறார், இருபது விநாடி. எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. 'பாருங்கள், இவர்களுக்கா ஓட்டு?' என்று எழுதி, இருபத்து மூன்று பேர் உள்ள குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பேத்தி முழுப் பேச்சையும் தேடி எடுத்து வைத்திருந்தாள். முப்பத்தெட்டு நிமிஷம். அந்த இருபது விநாடிக்கு முன்னால் இருந்த வாக்கியம், "இப்படியும் சிலர் பேசுகிறார்கள், வெட்கமாக இல்லையா?" என்பது. பின்னால் இருந்ததும் அதற்குப் பதில்தான். முகம் அவருடையது, குரல் அவருடையது, சொல் மட்டும் அடுத்தவருடையது. எவனோ கத்தரி வைத்திருக்கிறான். அந்தக் காலத்தில் அச்சகத்தில் ஈய எழுத்தைத் தள்ளி வைத்துச் செய்ததை இப்போது விரலால் செய்கிறார்கள். கம்போசிட்டராக இருந்து நானே ஏமாந்தேன்!

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். காணொளிக்குப் பதினான்கு இதயம் விழுந்திருந்தது, மன்னிப்புக்கு இரண்டு கட்டைவிரல், அதில் ஒன்று பேத்தியுடையது. என் மைத்துனர் அதற்குள் கோயில் நண்பர்களுக்கு அனுப்பிவிட்டாராம். அது எங்கே போய் நின்றதோ.

இதற்கெல்லாம் சட்டம் இல்லாமல் இல்லை. 2019 அக்டோபரிலிருந்து, இணையத்தில் பரவும் பொய்ச் செய்திக்கு எதிரான பொஃப்மா சட்டம் இருக்கிறது, அமைச்சர் உத்தரவிட்டால் பதிவு போட்டவர் அதன் பக்கத்திலேயே திருத்தக் குறிப்பு ஒட்ட வேண்டும். எது பொய் என்று முதலில் சொல்வது அமைச்சர், நீதிமன்றம் பிறகுதான், என்ற குறையும் அன்றிலிருந்து இருக்கிறது. போன வருஷம் இன்னொன்று வந்தது, தேர்தல் காலத்தில் வேட்பாளரின் முகத்தையும் குரலையும் செயற்கையாகச் செய்து போடக் கூடாது என்று. நல்லதுதான். ஆனால் இரவு பத்தரைக்குத் தாத்தா அனுப்பியதற்கு யார் குறிப்பு ஒட்டுவது?

தோ பாயோ கோப்பிக்கடையில் நாங்கள் நாலு பேர் இன்னும் கூடுகிறோம். முன்பு ஒரு பேப்பர் வாங்கி நாலாகப் பிரிப்போம். எனக்கு முதல் பக்கம், காசிக்கு விளையாட்டு, மற்ற இருவரும் மிச்சத்துக்கு அடித்துக்கொள்வார்கள். பிறகு மாற்றிக்கொள்வோம். கோப்பி-ஓ ஆறுவதற்குள் நாலு பேரும் ஒரே செய்தியைப் படித்திருப்போம், நாலு விதமாகக் கத்துவோம். இந்தத் தேர்தலில் நாலு பேர், நாலு போன். ஒருவருக்குத் தேர்தல் முழுக்க பொருள் சேவை வரி 9 விழுக்காடு ஆனதுதான். ஒருவருக்கு காஸா. காசிக்கு வேட்பாளர்கள் கால்மேல் கால் போட்டுப் பேசிய ஒலி உரையாடல்கள், மணிக்கணக்கில் கேட்டிருக்கிறான். எனக்கு நான் அனுப்பிய அந்த இருபது விநாடி. சண்டை போடக்கூட முடியவில்லை, ஆசிரியரே. ஒருவன் சொல்வது மற்றவனுக்குப் புதிதாக இருக்கிறது, "அப்படியா?" என்று கேட்டுவிட்டுத் தன் போனைப் பார்க்கிறான். முன்பு எந்தப் பக்கத்தில் போட்டார்கள் என்று திட்ட ஓர் ஆசிரியர் இருந்தார், தொலைபேசி எண் இருந்தது. நம் ஆட்கள் கூப்பிட்டுத் திட்டவும் செய்தார்கள். இப்போது என் முதல் பக்கத்தை என் கட்டைவிரல் எங்கே நின்றது என்று பார்த்து ஒரு இயந்திரம் கோக்கிறது. அதைத் திட்டினால், திட்டுகிற காணொளியாகப் பார்த்து இன்னும் பத்து அனுப்பும்.

கண் இப்போது நன்றாகத் தெரிகிறது. மரண அறிவித்தலையும் நானே படிக்கிறேன். அங்கே உன் மனைவிக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? தீபாவளிக்கு முன்னால் வந்துவிட்டுப் போங்கள், தேக்காவில் விளக்குப் போட்டதும் எழுதுகிறேன்.

கடைசியாக அந்தப் பாக்கி. மூன்றாம் இதழுக்கு, பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மீ கோரெங் அளவு குறைந்துவிட்டதைப் பற்றி நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். இதழ் வந்தபோது அது இல்லை. அந்த இடத்தில் மயில் படம் இருந்தது. கேட்டதற்கு, "இடம் இல்லடா" என்றாய். அந்த மயில் அரைப் பக்கம். தலைமையாசிரியருக்குப் பயந்தா, அல்லது சிற்றுண்டிச்சாலைக்காரர் உனக்கு மட்டும் கூடுதலாக ஒரு கரண்டி போட்டாரா? அடுத்த கடிதத்தில் எழுது. முதல் பக்கத்திலேயே எழுது.

உன்
கம்போசிட்டர்