குளிர்காலச் சாலைக்கான நிதியைப் பங்கிட உதவியோருக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வட ஒன்ராறியோவில், ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் சாலை எதுவும் எட்டாத ஒரு சிறு பூர்வகுடிக் கிராமத்துக்குக் கிடைத்த அரசாங்கப் போக்குவரத்து நிதியை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிக்க எட்டு மாதங்கள் ஆயின. இங்குள்ள பள்ளியில் கணிதம் கற்பிக்கும் நான், அதற்கென அமைந்த குழுவின் கணக்கையும் குறிப்புகளையும் எழுதியவன் என்ற முறையில், குழுவின் சார்பில் நன்றி தெரிவிக்கிறேன். ஆங்கில மடல் சமூக மண்டபத்தில் வாசிக்கப்பட்டுவிட்டது. உதவியவர்களில் மூவர் ரொறன்ரோத் தமிழர் என்பதால் தமிழிலும் எழுதுகிறேன்.

முதல் நன்றி மூத்தோருக்கு. தொடக்கத்தில் எங்களில் பலர், உறைந்த ஏரி, ஆறு, சதுப்புகள் மீது அமைக்கும் குளிர்காலச் சாலையைச் சமன்செய்யும் புதிய இயந்திரம் ஒன்றை வாங்கவே விரும்பினோம். இரண்டாவது கூட்டத்தில், வாழ்நாளெல்லாம் பொறிவைத்து வேட்டையாடிய முதியவர் ஒருவர் வரைபடத்தில் ஓர் ஆற்றைத் தொட்டுக் காட்டி, ஏரிகள் எல்லாம் உறைந்த பின்பும் நீரோட்டம் மிகுந்த இந்த இடம் நெடுநாள் உறையாததால்தான் லொறிகள் அக்கரையில் காத்து நிற்கின்றன என்றார். எத்தனை இயந்திரம் வாங்கினாலும் அந்த ஆறு விரைவில் உறையப்போவதில்லை. நிரந்தரப் பாலம் என்ற பேச்சு அன்றுதான் தொடங்கியது.

இம்மாகாணத்தின் தொலைவடக்கில் ஆண்டுதோறும் 3,000 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட குளிர்காலச் சாலை புதிதாக அமைக்கப்படுகிறது. அது திறந்திருக்கும் சில வாரங்களுக்குள் ஓராண்டுக்கான எரிபொருளும் வீடு கட்டும் மரமும் வந்து சேர வேண்டும். தவறினால், பன்மடங்கு செலவில் விமானம்தான். வட ஒன்ராறியோவின் 49 பூர்வகுடிச் சமூகங்களைக் கொண்ட அமைப்பான நிஷ்னாபே ஆஸ்கி நேஷன், சாலைகள் உறையாததால் 2024 பெப்ரவரியில் அவசரநிலை அறிவித்ததை இங்கு எவரும் மறக்கவில்லை.

சாலைப் பணியாளர்கள் எங்களுக்குப் பொறுமையாகப் பாடம் நடத்தினார்கள். வெண்பனி கம்பளிபோல் நிலத்தின் சூட்டைக் காப்பதால், முதலில் ஸ்னோமொபைல்களை ஓட்டி அதை அமுக்கினால்தான் குளிர் சதுப்புக்குள் இறங்கும் என்பதையும், ஏரிகளில் துளையிட்டுப் பனிக்கட்டியின் தடிப்பை அளப்பதையும், மெலிந்த இடங்களில் நீரிறைத்து உறையவிடுவதையும் நேரில் காட்டினார்கள்.

ரொறன்ரோப் பொறியாளர் மூவரும், ஊதியம் ஏதும் பெறாமல், அந்த அளவுகளைக் கணக்காக்கித் தந்தார்கள். தெளிந்த பனிக்கட்டியின் தடிப்பைச் சென்ரிமீற்றரில் எடுத்து, அதன் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால், அது தாங்கக்கூடிய எடை கிலோகிராமில் கிடைக்கும்: 100 சென்ரிமீற்றர் 40,000 கிலோவைத் தாங்கும்; 70 சென்ரிமீற்றரோ 19,600 கிலோவை மட்டுமே. தடிப்பு மூன்றிலொரு பங்குகூடக் குறையாதபோதே சுமை பாதியாகிவிடுகிறது. பாதி நிரம்பிய டேங்கர் லொறிக்கும் வாடகை முழுதுதான். கணித ஆசிரியனான எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும்; தோன்றவில்லை.

கிராம மருத்துவ நிலையத்தின் தாதிக்கு நாங்கள் பட்ட கடன் தனி. விமானம் தாமதமான ஒவ்வொரு நாளும், ஓடுபாதையருகே நோயாளிகள் எவ்வளவு நேரம் குளிரில் காத்திருந்தார்கள் என்பதை அவர் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். டயாலிசிஸுக்காகத் தெற்கே செல்லும் ஒரு பாட்டியின் பெயருக்கு எதிரே அத்தகைய பதிவுகள் பதினொன்று இருந்தன. அதை அவர் வாசித்து முடித்ததும் வாக்கெடுப்பே தேவைப்படவில்லை. நிதியின் பெரும்பகுதி பாலத்துக்கும், எஞ்சியது சூடேற்றிய காத்திருப்பு அறைக்கும் என்று முடிவாயிற்று.

ஒரே திட்டத்துக்கென்று இருந்த விண்ணப்பத்தை இரண்டாகப் பிரிக்க இசைந்த அரசாங்க அலுவலருக்கும், பத்தாண்டுச் சரக்குக் கட்டண ரசீதுகளைத் தேடியெடுத்துத் தந்த கடைக்காரருக்கும் நன்றி. பழைய இயந்திரத்தையே இன்னும் சில ஆண்டுகள் ஓடவைக்க ஒப்புக்கொண்ட மெக்கானிக்குக்கும் நன்றி. அன்று அவர் முகம் அவ்வளவாக மலரவில்லை என்பதையும் குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

பாலத்துக்கான இரும்பு வரும் குளிர்காலத்தில் வருகிறது. வடகரைக்குரிய பாதி மட்டும், இன்னும் ஒருமுறை, அந்த ஆற்றின் பனிக்கட்டி மீதுதான் கடந்தாக வேண்டும். தடிப்பை அளக்கும் நாளை உங்கள் அனைவருக்கும் அறிவிப்போம்.

மீக்வெச். நன்றி.

இங்ஙனம்,
குழுவின் குறிப்பெழுத்தாளர்